பதறல் எண்

வர்ஷினி வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள் தணிகாசலத்துக்கு அவள் மேல் பொறாமை வந்தது. அதற்கு முந்தைய மூன்று நாளும் அவளை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. சென்னை கோட்டூர்புரத்தில் இருந்த தரப்பிரிவு மையத்தில் பத்தொன்பது வருடமாகச் சாட்சி. கோர்ட் சாட்சி இல்லை, படம் பார்க்கிற சாட்சி. வெளிநாட்டிலிருந்து வரும் அடிதடிப் படங்கள், கொலைப் படங்கள், குறிப்பாகக் குதிரையும் துப்பாக்கியும் புழுதியுமாக வரும் கௌபாய் படங்கள் எல்லாம் தியேட்டருக்குப் போகும் முன்னால் ஒரு சாட்சியின் உடம்பு வழியாகப் போயாக வேண்டும். அந்த உடம்பு எவ்வளவு பதறியது என்பதை வைத்துத்தான் யார் யார் பார்க்கலாம் என்று முடிவாகும்.

முதல் நாள் வர்ஷினிக்கு அதை விளக்கியவர் அவர்தான். அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஒல்லியான உடம்பு. கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக நிற்கிற பழக்கம். அதற்கு முன் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தவள்.

"இதை மிஷினே பார்த்துச் சொல்லிடாதா சார்?" என்று கேட்டாள்.

"சொல்லிச்சும்மா. ஆரம்பத்துல எட்டு மாசம் மிஷின்தான் சர்டிஃபிகேட் குடுத்துச்சு. அது ரத்தத்தை எண்ணும், தோட்டாவை எண்ணும், கெட்ட வார்த்தையை எண்ணும். ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவுல ஜனங்க தக்காளியால அடிச்சு விளையாடறாங்க. அதுக்குப் 'பெரியவர்களுக்கு மட்டும்'னு போட்டுச்சு. இன்னொரு படம். அப்பன்காரன் வீட்டுக்குள்ள வர்றான், பெல்ட்டை உருவுறான், கதவைச் சாத்துறான். அவ்வளவுதான். வெளியே ஒரு நாய் படுத்திருக்கு. ரெண்டு நிமிஷம் அந்த நாயை மட்டும் காட்டறாங்க. மிஷின் அதைக் குடும்பத்தோட பார்க்கலாம்னு சொல்லிடுச்சு. ஸ்கூல்ல கூட்டமா கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ஒரு வாரம் பிள்ளைங்க தூங்கல."

தக்காளி விஷயத்துக்கு எல்லோரும் சிரிப்பார்கள். வர்ஷினி சிரிக்கவில்லை.

"அந்த நாய் என்ன பண்ணுச்சு சார்?"

"எழுந்து போயிடுச்சு."

"போயிடும்," என்றாள்.

அவர் அவளிடம் இரண்டு பட்டைகளை எடுத்துக் கொடுத்தார். "இது நெஞ்சுல. இது கழுத்துக்குப் பின்னால. மூச்சு, நாடி, வியர்வை, தசை இறுகறது எல்லாத்தையும் எடுத்துக்கும். படம் முடிஞ்சதும் நூத்துக்கு ஒரு எண் வரும். பதறல் எண். அறுபதுக்கு மேல போனா பெரியவங்களுக்கு மட்டும். முப்பத்தஞ்சுலேர்ந்து அறுபது வரைக்கும் பதினாறு வயசுக்கு மேல. அதுக்கும் கீழன்னா அப்பா அம்மாவோட யார் வேணாலும் பார்க்கலாம்."

"அப்ப என்னோட அபிப்பிராயம்?"

"யாரும் கேக்க மாட்டாங்க. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது." இதை அவர் மனதார நம்பினார்.

நாலாவது நாள் அளவுத் தேர்வு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சாட்சிகளுக்கும் புதிதாக ஒரு பன்னிரண்டு நிமிடக் காட்சியைப் போட்டு உடம்பைச் சோதிப்பார்கள். நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் சாட்சிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மரத்துப்போன உடம்பால் பிரயோஜனம் இல்லை. தணிகாசலம் சேர்ந்தபோது அவருக்கு எண்பத்தெட்டு. மையத்திலேயே அதுதான் அதிகம். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் வரும் அந்த நிசப்தத்திலேயே அவருக்கு வயிறு சுருண்டுவிடும். இந்தத் தடவை காட்சிக்கு முன் மூன்று ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வந்தது.

வர்ஷினிக்குத் தொண்ணூற்று மூன்று.

இரண்டாவது மாடியிலிருந்து மையத்தின் தலைவர் ஜூலியட் மேடமே இறங்கி வந்து அவள் கையைக் குலுக்கினார். பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த வர்ஷினியின் உதடு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் அந்த நடுக்கத்தையே பார்த்தார். பதவியென்றால் உழைத்து வாங்கலாம், படிப்பென்றால் இப்போதுகூடப் படிக்கலாம். இதை எங்கே போய் வாங்குவது? ஒரு காலத்தில் தன்னிடம் இருந்து, எப்போது போனது என்றே தெரியாமல் போன ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிற ஒரு பெண்ணிடம் போய் இருக்கிறது.

"கங்கிராட்ஸ் வர்ஷினி," என்றார்.

"எதுக்கு சார்? எனக்கு வாந்தி வருது," என்றாள் அவள்.

நாலைந்து மாதத்தில் நிலைமை இன்னும் மோசமானது. சர்டிஃபிகேட்டில் சாட்சியின் பெயர் இருக்கும். முன்பெல்லாம் 'சாட்சி: தணிகாசலம்' என்றிருந்தால் பெற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். இப்போது அவர்கள் வர்ஷினி பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். வினியோகஸ்தர்கள் அவரிடம் வந்து, "அந்தப் பொண்ணு வேணாம் சார், எதைப் போட்டாலும் பெரியவங்களுக்குன்னு ஆக்கிடுது. நீங்களே பாருங்களேன்" என்று கெஞ்சினார்கள். அவர் பார்த்தால் எண் குறைவாக வரும் என்பது அதற்கு அர்த்தம். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஒருநாள் லிஃப்டில் மேல்வீட்டு அம்மாள், "உங்க ஆபீஸ்ல வர்ஷினின்னு ஒருத்தங்களாமே, அவங்க பார்த்ததுன்னா தைரியமா பிள்ளைங்களை அனுப்பலாமாம்" என்றாள். வீட்டுக்குள் வந்து மனைவி கோமதியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

சினிமா அறைக்குள் வர்ஷினி படம் பார்க்கும்போது, சீனியர் என்ற முறையில் அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பார். அவள் உடம்பு ஒரு பச்சைக் கோடாகத் திரையில் ஓடும். சவுக்கு ஓங்கும்போதே கோடு எகிறும், அடி விழும் வரை காத்திருக்காது. குதிரையின் கால் இடறினால்கூட எகிறும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது, தெருவில் போகிறவன் அடுத்த வீட்டுக் கல்யாண விருந்தின் வாசனையைப் பிடிப்பது மாதிரி இருக்கும் அவருக்கு.

கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் 'காய்ந்த ஆறு' வந்தது.

அது ஒன்பது படங்கள் கொண்ட கௌபாய் வரிசை. ஒரு துப்பாக்கிக்காரன் பழிவாங்கப் போகிற கதை, ஒவ்வொரு படத்திலும் அவன் இன்னும் கொஞ்சம் மிருகமாவான். தமிழில் டப் செய்து, மே மாதத்தில் ஒன்பது நாள் திருவிழாவாக, நாளுக்கு ஒரு புதுப் படம் என்று மாநிலம் முழுக்க வெளியிட்டு, லீவு முடியும்வரை ஓட்டப்போகிறார்கள். மையத்தின் விதிப்படி ஒரு சாட்சி வாரத்துக்கு இரண்டு வன்முறைப் படத்துக்கு மேல் பார்க்கக் கூடாது. நடுவில் ஓய்வு கட்டாயம். யார் எதைப் பார்ப்பது என்று பணிப் பட்டியல் போடுகிறவர் தணிகாசலம்.

அவர் ஒன்பதையும் வர்ஷினிக்குப் போட்டார். பதினோரு நாளில்.

"ஒரே வரிசை மேடம். மூணு பேர் பிரிச்சுப் பார்த்தா மூணு உடம்பு, மூணு அளவு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. ஒரே ஆள் பார்த்தாத்தான் சரி," என்று ஜூலியட் மேடத்திடம் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன எதையும் மேடம் சந்தேகித்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வர்ஷினி பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இத்தனையும் நானேவா சார்?"

"உங்களால முடியும்மா. உங்களை விட்டா யாரு?"

இந்தத் தொழிலில் உடம்பு எப்படி மரத்துப்போகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

முதல் படம் தொண்ணூற்று மூன்று. இரண்டாவது தொண்ணூறு. மூன்றாவதில் ஒரு பண்ணைக்காரனைக் குதிரையில் கட்டி இழுத்துப் போகிற காட்சியில் கோடு ஏறியது, ஆனால் முன்பு மாதிரி முன்கூட்டியே ஏறவில்லை. எண்பத்தொன்று. அன்று கட்டுப்பாட்டு அறையின் திரையில் மஞ்சள் பெட்டி ஒன்று எழுந்தது: 'சாட்சி களைப்படைந்திருக்கலாம். ஓய்வு தரவும்.' அந்த எச்சரிக்கை சீனியருக்கு மட்டும்தான் வரும். அதன் கீழே 'தொடரலாம்' என்று ஒரு பொத்தான். அவர் அழுத்தினார்.

பிறகு எழுபத்தொன்று. அறுபத்தாறு. ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு முறையும் மஞ்சள் பெட்டி வந்தது. ஒவ்வொரு முறையும் அழுத்தினார். ஏழாவது படம் நாற்பத்தேழு. அவருடைய ஐம்பத்திரண்டுக்கும் கீழே. அன்று வீட்டுக்குப் போகும்போது ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனார்.

"என்னங்க விசேஷம்?" என்றாள் கோமதி.

"சும்மாத்தான். சாப்பிடணும்னு தோணுச்சு."

எட்டாவது முப்பத்தொன்பது. ஒன்பதாவது படம்தான் வரிசையிலேயே கொடூரமானது. குதிரை திருடினார்கள் என்று ஒரு குடும்பத்தில் நாலு பேரைப் பட்டமரத்தில் ஒவ்வொருவராகத் தொங்கவிடுகிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவசரமே இல்லாமல் பதினைந்து நிமிடம் காட்டுகிறார்கள். தணிகாசலம் படத்தைப் பார்க்கவில்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து, வாய் உலர்ந்துபோக, பச்சைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு தரையில் கிடந்தது.

முப்பத்தொன்று. பெற்றோருடன் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் சான்றிதழில் கையெழுத்திட்டார்.

வர்ஷினி வெளியே வந்தாள். உதட்டில் நடுக்கம் இல்லை. "முடிஞ்சுதா சார்? கேமரா வேலை நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். ஆனால் அவள் நிதானமாக ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கு என்னவோ போல இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் அவருடைய மேஜைக்கு வந்தாள். கைகளைக் கட்டிக்கொள்ளாமல், நடு அறையில் நின்றாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வீட்டை விட்டு வந்துட்டேன். பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் பல்லாவரத்துல அக்கா வீட்டுக்கு."

அவளுக்கு மகிழினி என்று ஐந்து வயதில் பெண் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கணவனைப் பற்றி எதுவும் தெரியாது.

"என்னாச்சும்மா?"

"என் வீட்டுக்காரர் அடிப்பார் சார். கல்யாணமான வருஷத்துலேர்ந்து. அடிகூடப் பெருசில்ல. அவர் பைக் சத்தம் தெருமுனையில கேட்டாலே என் உடம்பு சுருங்கிடும். கை ஓங்குறதுக்கு முன்னாடியே நான் குனிஞ்சுடுவேன். அதைப் பார்த்தா அவருக்கு இன்னும் வெறி வரும். வியாழக்கிழமை கை ஓங்கினார். நான் குனியல. சும்மா பார்த்துட்டு நின்னேன். ஸ்கிரீனைப் பார்க்கிற மாதிரி. வேணும்னு பண்ணல சார், எனக்கு ஒண்ணுமே தோணல. அவர் கையை இறக்கிட்டார். பயந்துட்டார் சார் அந்த ஆளு! நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்." தோளிலிருந்த பையை மேஜையில் வைத்தாள். "நீங்க அந்த ஒன்பது படத்தையும் எனக்குக் குடுக்கலேன்னா நடந்திருக்காது. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

தணிகாசலத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தொண்ணூற்று மூன்று எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்தது. அதைப் பார்த்தா நான் பொறாமைப்பட்டேன் என்று ஒரு பக்கம் கூசியது. தன் உடம்பும்தான் மரத்துப்போனது, அதனால் ஒரு நல்லதும் நடக்கவில்லையே, இவளுக்கு அதுகூட உபயோகப்பட்டுவிட்டதே என்று இன்னொரு பக்கம் ஓடியது. அந்த நேரத்திலும் அப்படி ஓடியது.

"ஆனா ஒண்ணு சார்," என்றாள். குரல் மாறவே இல்லை. "நேத்து பார்க்குல பாப்பா சறுக்கு மரத்துலேர்ந்து விழுந்துட்டா. வாயெல்லாம் ரத்தம். அக்கா ஓடினா, யார் யாரோ ஓடினாங்க. நான் உட்கார்ந்திருந்தேன். எந்த ஆங்கிள்ல விழுந்தா, எங்க இடிச்சிருக்கும்னு பார்த்துட்டிருந்தேன். அவ அழறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா சார். அம்மா ஏன் வரலன்னு." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "இது திரும்பி வரும் இல்ல? நீங்கதான் ரொம்ப வருஷமா இருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வரும்மா. ஓய்வு எடுத்தா வரும்," என்றார். அவருக்கு வந்ததில்லை.

மே மாதத்தில் 'காய்ந்த ஆறு' திருவிழா ஆரம்பித்தது. ஒன்பதாவது படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தணிகாசலம் வடபழனியில் ஒரு தியேட்டருக்கு மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போனார். போகவேண்டிய அவசியம் இல்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அரங்கம் நிறைய குடும்பங்கள். லீவு நாள். அவருக்கு முன் வரிசையில் ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி, மடியில் பெரிய பாப்கார்ன் டப்பாவோடு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பட்டமரம் வந்தது. முதலில் அப்பாவைத் தொங்கவிட்டார்கள். தியேட்டரே அலறியது. சிறுமி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சிரித்து, "ஏய், கண்ணைத் திற, சும்மா படம்தான். பார்க்கலாம்னு கவர்மென்ட்டே போட்டிருக்கான்," என்றார். இரண்டாவதாக அம்மா. அலறல் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது உருவத்தின் கால்கள் ஆடியபோது யாரும் கத்தவில்லை. தியேட்டர் முழுக்கப் பாப்கார்ன் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

சிறுமி தோளிலிருந்து முகத்தை எடுத்திருந்தாள். ஒரு கை டப்பாவுக்குள் இருந்தது.

"அடுத்தது யாரும்மா?" என்று கேட்டாள்.

தணிகாசலம் எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு, வெளியே வந்துவிட்டார். மரத்துப்போகத் தனக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது, வர்ஷினிக்குப் பதினோரு நாள், இந்தக் குழந்தைக்குப் பத்து நிமிடம். வெயிலில் வெகுநேரம் பிளாட்பாரத்தில் நின்றார்.

மறுநாள் காலை ஜூலியட் மேடத்தின் அறைக்குப் போய் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"ஒன்பதாவது படத்தோட சர்டிஃபிகேட் தப்பு மேடம். உடனே நிறுத்தணும். வர்ஷினிக்கு உடம்பு மரத்துப்போச்சுன்னு சிஸ்டம் ஏழு தடவை எச்சரிக்கை குடுத்துச்சு. ஏழு தடவையும் நான் தொடரலாம்னு அழுத்தினேன். பட்டியல் போட்டதே அதுக்குத்தான்."

"எதுக்கு?"

"அவங்களுக்கு மரத்துப்போகணும்னு."

மேடம் பேனாவை மூடினார். "ஏன் தணிகாசலம்?"

"அவங்க எண் என்னோடதைவிட அதிகம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம்."

மேடம் திட்டுவார் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார். மேடம் திட்டவில்லை. ஃபோனை எடுத்து, முதலில் படத்தை நிறுத்தச் சொல்லி யாரிடமோ பேசினார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அந்த ஒன்பது படங்களின் பதிவுகளைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கன்ட்ரோல் ரூம் நாற்காலியிலயும் சென்சார் வெச்சிருக்கோம், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். இடி இடிச்சா, யாராவது கதவைத் தட்டினா, அது படத்தால வந்த பதறல் இல்லன்னு தெரிஞ்சுக்கறதுக்கு. அதைத் தனியா யாரும் திறந்து பார்க்கிறதில்ல."

"நான் இப்ப திறந்தேன்." திரையை அவர் பக்கம் திருப்பினார். "ஏழாவது படம், உங்க எண் எழுபத்தொன்பது. எட்டாவது எண்பத்தாறு. ஒன்பதாவது தொண்ணூத்தி நாலு. இந்த மையத்துல இவ்வளவு யாருக்கும் வந்ததில்ல தணிகாசலம். வர்ஷினிக்குக்கூட."

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய கோடு மலைமலையாக ஏறி இறங்கியிருந்தது. அவள் கோடு எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் அவருடையது எகிறியிருந்தது.

"அந்த நாலு பேர் தொங்கறதைப் பார்த்தா இப்படிப் பதறினீங்க?"

"இல்ல மேடம். நான் படத்தையே பார்க்கல."

"அப்ப வர்ஷினியோட தொண்ணூத்தி மூணு?"

"அதுவும் படத்தால வந்ததில்ல. அவங்க வீட்டுல காரணம் இருந்துச்சு. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

ஜூலியட் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நெஞ்சு அடிச்சுக்கறது மட்டும்தான் மிஷினுக்குத் தெரியுது. எதுக்கு அடிச்சுக்குதுன்னு நாம ஒருநாளும் கேக்கல. அப்ப பத்தொன்பது வருஷமா நாம எதுக்குத்தான் சர்டிஃபிகேட் குடுத்துட்டிருந்தோம்?"

தணிகாசலம் திரையை மறுபடி மேடத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒன்பதாவது படத்தை மூன்று பேர் புதிதாகப் பார்த்து, பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அதற்குள் எத்தனை பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. இனி ஒரு படத்துக்கு மூன்று சாட்சிகள் என்று விதி மாறியது. எண்ணுக்குப் பக்கத்தில் 'எந்த இடத்தில், ஏன் பதறினீர்கள்?' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. சாட்சிகள் அதைத் தங்கள் கையால், தங்கள் வார்த்தையில் நிரப்ப வேண்டும். அதைப் படித்துப் பார்த்து ஒரு குழு முடிவு செய்யும். தணிகாசலத்தின் பெயர் சாட்சிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்து, பிறகு கீழ்த்தளத்தில் கோப்புப் பிரிவில் போட்டார்கள். வர்ஷினிக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு ஓய்வு கிடைத்தது. ஏன் என்ற காரணத்தை அலுவலகம் அவளிடம் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பல்லாவரத்துக்குப் போனார்.

அவள் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மகிழினிக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். காபி குடித்ததிலிருந்து ஜாங்கிரி வரைக்கும். அவள் பின்னிக்கொண்டே கேட்டாள். ரிப்பனை முடிந்தாள்.

"சரி சார்," என்றாள்.

"சரின்னா?"

"புரிஞ்சுதுன்னு அர்த்தம்." மகளை விளையாட அனுப்பிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "எனக்கு இப்ப கோபம் வரணும். வரணும்னு தெரியுது. அது எங்க இருக்குன்னுதான் தெரியல. டீ குடிக்கிறீங்களா?"

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவள் செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, கோப்புப் பிரிவில் பழைய சான்றிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோன் அடித்தது.

"தணிகாசலம்தானே?"

குரல் தெரிந்த குரல். ஆனால் 'சார்' என்ற வார்த்தை இல்லை.

"வர்ஷினியா? எப்படிம்மா இருக்கீங்க?"

"ஃபேமிலி கோர்ட் வாசல்ல நிக்கிறேன். இப்பத்தான் அந்த ஆளைப் பார்த்தேன். படிக்கட்டுல என் பக்கமா வந்து கையை ஓங்கினான். என் உடம்பு அப்படியே சுருங்கிடுச்சு. கால் நடுங்குது, இப்பவும் நடுங்கிட்டிருக்கு. ஆனா நான் போகல. நடுங்கிட்டே அங்கேயே நின்னேன். வக்கீல் வந்துட்டாங்க, அவன் போயிட்டான். அதுக்கப்புறம்தான் உன் ஞாபகம் வந்துச்சு." அவள் மூச்சு வாங்கியது. "என் பொண்ணு வாயில ரத்தத்தோட என்னைப் பார்த்துட்டு நின்னாளே, அந்த மூஞ்சி இப்பத்தான்யா எனக்குத் தெரியுது. இப்பத்தான்! ஒரு வருஷம் அவளைத் தூக்கிக் கொஞ்சினாலும் ஏதோ வேலை செய்யற மாதிரி இருந்துச்சு. உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? என்ன பண்ணினேன் சொல்லு. ஒரு நம்பருக்காகவா? மனுஷனா நீ?"

அவள் நிறுத்தவில்லை. அழுதாள், கத்தினாள், அவரை, அவர் படித்த படிப்பை, அவர் பார்த்த படங்களை, ஜூலியட் மேடத்தை, கோர்ட்டை எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினாள். கோப்புப் பிரிவில் இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு அது ஃபோனுக்கு வெளியே கேட்டது. பத்து நிமிடம் இருக்கும். தணிகாசலம் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

"யாரு சார், வீட்டுலயா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

"இல்ல. கூட வேலை பார்த்தவங்க. உடம்பு சரியில்லாம இருந்தாங்க. சரியாயிட்டாங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவளுக்கு எல்லாம் திரும்பிவிட்டது என்பது உண்மையிலேயே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் பழைய பொறாமையும், துளி வெட்கம்கூட இல்லாமல், அப்படியே இருந்தது. தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தார். நாடி எப்போதும் போல நிதானமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.